படுக்கையறையில் இரண்டு கதவுகள்

வண்டித் தகடுகளைச் சீர்செய்யும் டிங்கர் வேலை பார்க்கும் அவருக்குப் பட்டறை வட்டாரத்தில் ‘ஒத்தக்கதவு’ என்று பெயர். ஒரு நாளைக்கு ஒரு கதவுக்கு மேல் பெயிண்டை உரிக்க மாட்டார். காலையில் உரித்த தகட்டுக்குச் சாயங்காலத்துக்குள் துருப்பிடிக்காமல் காக்கும் முதல் பூச்சான பிரைமர் பூசியாக வேண்டும். இருபத்தாறு வயதில் ஒரு லாரியின் முன்பக்கம் முழுவதையும் வெறும் தகடாக்கிவிட்டு, இரண்டு நாள் கல்யாணத்துக்குப் போய்விட்டார். திரும்பியபோது தகடு லேசாகச் சிவந்திருந்தது. தூசிதான் என்று துடைத்துவிட்டுப் பெயிண்ட் அடித்தார். ஆறாம் மாதம் அடியில் துருவேறிப் பெயிண்டில் கொப்புளம் கிளம்பியது. லாரிக்காரர் வண்டியைப் பட்டறை வாசலில் குறுக்கே நிறுத்திச் சாவியோடு போய்விட்டார். மூன்று நாள் உள்ளே போகவும் வரவும் எல்லாரும் அதன் அடியில் குனிந்து நுழைந்தார்கள்.

இப்போது வீட்டை ஒட்டிய கொட்டகையில் அவரைவிட ஏழு வயது மூத்த லாரி ஒன்று நின்றது. புதுக் கதவு செய்து மாட்டினால் வேலை சுலபம். சொந்தக்காரர் ஒப்பவில்லை, பழைய தகடே வேண்டும் என்றார். அந்தத் தகடோ கீழ் மடிப்பில் தேய்ந்து மெலிந்திருந்தது. இன்னொரு தடவை துருப்பிடித்து மெஷின் போட்டுத் தேய்த்தால் ஓட்டைதான்.

அவர் பல் பிடுங்கப் போன நாளில், பெயிண்ட் அடிக்கும் மச்சினன் உதவி செய்கிறேன் என்று இரண்டு கதவையும் கிரைண்டரால் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தான். பிரைமரை இறுக வைக்க அதில் கலக்கும் ஹார்டனர் தீர்ந்துபோனது அவனுக்குத் தெரியாது. கடையில் கேட்டால் நாளை மறுநாள் என்றார்கள். வெளியே தூறல் தொடங்கியிருந்தது.

எண்ணெய் தடவி வைக்கலாமே என்றான் அவன். மடிப்புக்குள் போன எண்ணெய் ஏழு தடவை துடைத்தாலும் வராது, பிரைமர் ஒட்டாமல் குழி விழும் என்று, வீங்கிய கன்னத்தோடு அவர் விளக்கினார். பிறகு வீட்டிலேயே ஈரம் குறைந்த இடம் எது என்று யோசித்தார்.

கதவுகள் படுக்கையறைக்குப் போயின. வெறுங்கை பட்டால் வியர்வை போதும், மறுநாள் விரல் தடம் துருவாகத் தெரியும். கையுறை ஒரு ஜோடிதான் இருந்ததால், மச்சினன் அக்கா மகளின் பள்ளிக்கூடக் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு தூக்கினான். ஜன்னல்களை மூடிப் போர்வை தொங்கவிட்டார்கள். சூடு கொடுக்க, கதவுக்கு ஒன்றாக இரண்டு குண்டு பல்புகள் எரிந்தன. தரையை ஈரத்துணியால் துடைக்கக் கூடாது, துணி உலர்த்தக் கூடாது, ஆவி வருகிற சமையலும் கூடாது. இரண்டு நாளும் ரொட்டிதான்.

அவர் மனைவி கூடத்துத் தரையில் பாயை உதறினார்.

“எனக்குக் காய்ச்சல் வந்தப்பகூட இந்த மனுஷன் இப்படி ஜன்னல் மூடிப் போர்வை போத்தினதில்ல.”

“உனக்குத் துருப்பிடிக்காதே,” என்றார் அவர்.

“பிடிச்சு இருபது வருஷம் ஆச்சு. யாரு பாத்தா?”

மச்சினன் சிரித்தான். அக்கா திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

இரண்டாம் நாள் மத்தியானம் ஹார்டனர் வந்தது. ஜன்னல் போர்வையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்கள். ஒரு கதவு சுத்தம். மற்றதன் கீழ் மடிப்பில், மெலிந்த அந்த இடத்திலேயே, நூல் இழை மாதிரி ஆரஞ்சுக் கோடு. கிரைண்டர் எட்டாத மூலையில் மச்சினன் பெயிண்ட் உரிக்கும் மருந்தை ஊற்றியிருக்கிறான். அதைக் கழுவாமல் விட்டிருக்கிறான். கேட்டதும் ஒப்புக்கொண்டான்.

அவர் திட்டவில்லை. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை விரலில் சுற்றிக்கொண்டு, மெஷின் தொடாமல், ஒரு மணி நேரம் தேய்த்தார். போர்வையை மறுபடி இழுத்துவிட்டு, ஒரு பல்பை அணைத்து, கதவின் உட்பக்கம் மற்ற பல்பை விட்டு மடிப்போரமாக நகர்த்தும்படி மச்சினனிடம் சொன்னார். இருட்டில் மூன்று பேரும் வெளிப்பக்கம் குனிந்து பார்த்தார்கள். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலும் கதவு போச்சு.

“எனக்கு ஒண்ணும் தெரியலங்க,” என்றார் மனைவி.

“மாமா, உங்களுக்கு?”

அவர் இன்னொரு தடவை முழுக்க நகர்த்தச் சொன்னார். தெரியவில்லை.

“தூக்கு மாப்ள. மூலையில முதல்ல பிரைமர் அடி.”

மச்சினன் காலுறையைத் தேடினான். மனைவி காலையிலேயே அதைத் துவைத்துக் கொட்டகையில் காயப்போட்டிருந்தார். அவர் தன் கையுறையைக் கழற்றி அவனிடம் கொடுத்தார். சட்டையைக் கழற்றி, இரண்டு கைக்கும் சுற்றிக்கொண்டு, மறுமுனையைப் பிடித்தார்.