கட்டம் போடாத மூலை

கோணக்கா வீட்டில் ஒரு மூலை தினமும் கொஞ்சம் விரிகிறது என்று தெருவில் பேச்சு. தெருவின் வாயைவிடவா விரிந்துவிடும் என்று ஒரு மாலை பார்க்கப் போனேன்.

நுழைவுத் தேர்வுக்கான கணக்கு டியூஷன் நடந்துகொண்டிருந்தது. வடிவியல் சொல்லித் தருவதால்தான் அவருக்கு அந்தப் பெயர். பலகையில் ஒரு முக்கோணம்.

"இது செங்கோணமா?"

"பாத்தா அப்படித்தாங்க்கா இருக்கு."

"பாத்தா நானும்தான் சாதுவா இருக்கேன். எங்க வீட்டுக்காரரைக் கேட்டுப் பாரு." சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். "மூலையில சின்னக் கட்டம் போட்டிருக்கா? இல்லைல்ல? அப்போ செங்கோணம்னு உனக்கு யார் சொன்னா? படம் பொய் சொல்லும். குடுத்ததை மட்டும் நம்பு."

கண்ணால் காண்பதும் பொய் என்பதோடு பழமொழியை நிறுத்திக்கொண்டவர். தீர விசாரிக்கத் தேர்வில் நேரம் தரமாட்டார்களே!

வீட்டிலும் இதே சட்டம்தான். ‘ட’ போல வளைந்த கொத்தனாரின் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்து, சரியாக இருக்கும் மூலைக்கு மட்டும் தரையில் சாக்பீஸால் ஒரு கட்டம் போடுவார். கூடத்தில் நான்கு கட்டம். சமையலறையில் நான்கு. மகள் படுக்கும் அறையில் மூன்று.

"நாலாவது?"

"நேத்து ஒரு விரல் நுழைஞ்சுது. இன்னிக்கு நீங்களே பாருங்க, பத்திரிகைக்காரரே. மட்டம் ஒட்டுச்சுன்னா டீ போட்டுத் தரேன்."

மட்டத்தின் ஒரு கையை ஒரு சுவரோடு அழுத்தினேன். மறு கை அடுத்த சுவரைத் தொடவில்லை. இடைவெளியில் சுட்டுவிரல் போயிற்று. பிறகு, இடித்துக்கொள்ளாமல், நடுவிரலும். சுவர் வெதுவெதுப்பாக இருந்தது.

"பழைய வீடு. மண் இறங்கியிருக்கும்."

"அது குடுத்திருக்கா?" என்றார்.

கட்டிலில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த மகள் நிமிர்ந்தாள். "அம்மா, அதுக்கும் ஒரு கட்டம் போட்டுடேன். பொய்யாவாவது போடு. நான் பயப்படாம தூங்கிடுவேன்."

கோணக்கா சாக்பீஸை எடுத்து அந்த மூலையில் குந்தினார். சாக்பீஸ் முனை தரையைத் தொட்டது. வெகுநேரம் அங்கேயே நின்றது. பிறகு கட்டம் போடாமலே எழுந்துவிட்டார்.

"உங்க டீ பாக்கி இருக்கட்டும்," என்றார் என்னிடம்.

சாக்பீஸைக் காதில் செருகிக்கொண்டு, மகளோடு சேர்த்துக் கட்டிலை அறை வாசல் பக்கமாக இரண்டு விரற்கடை இழுத்தார். மூலையிலிருந்து கட்டில் கால்வரை, ஒன்றன்பின் ஒன்றாக, தரையெல்லாம் பழைய கீறல்கள். கட்டில் கதவு வரைக்கும் வந்துவிட்டது. அந்த அறைக் கதவை இனிச் சாத்த முடியாது.