பெர்மிட் இல்லாத எருக்கும்பி

விவசாயப் போதனாசிரியையா இருந்த எனக்கு, சாணம் மிதியாமல் வீடு திரும்பின நாள் லீவு நாள்தான். எண்பதுகளின்ர தொடக்கத்தில கிளிநொச்சிப் பக்கம் சைக்கிள் உழக்கினவை, கண்டாவளைச் சேத்தில செயின் கழண்டு நிண்டவை, இது உங்களுக்குத்தான்.

வேலியோரப் புல்லு

பழனியம்மா எழுபத்தேழுக் கலவரத்தில மலைநாட்டில அடிவாங்கி வந்து, காடு வெட்டிக் குடியிருந்தவா. அரசாங்கம் குடுக்கிற காணிப் பெர்மிட் இல்லை. பெர்மிட் இல்லாட்டி மானிய உரமும் இல்லை. நாலு மாட்டின்ர எருவை நம்பித்தான் மிளகாய். அது பிழைச்சால் பிள்ளையள் பட்டினி.

அந்த எரு வெறுநிலத்தில கிடந்தது. மாரி மழைக்குக் கறுத்த சாயமா வடிஞ்சு மண்ணுக்குள்ள இறங்குது. வேலியோரம் புல்லு முழங்கால் உயரம். "சத்தெல்லாம் வீணாப் போகுது" எண்டன். பக்கத்துக் காணித் தம்பிராசா அண்ணை பெர்மிட்காரர். வேலிக்கு மேலால எட்டிப் பாத்து, "எங்கை போனால் என்ன பிள்ளை, அவாவின்ர மண்ணுக்குள்ளைதானே" எண்டார். "மிளகாய்க் கண்டு நடந்து வந்து தின்னுமோ அண்ணை?" எண்டு கேட்டன். பழனியம்மா ஆறுதலாச் சொன்னா:

"அந்தப் புல்ல இவரு மாடுதான் மிஸ் மேயுது."

கூரை

குளத்துக் களியும் புத்துமண்ணும் குழைச்சு மிதிச்சு, எரு குவிக்கத் தளம் போட்டம். சுத்திவர வரம்பு. பதிஞ்ச மூலையில, வடியிற தண்ணிக்கு ஒரு பானை. நிறைஞ்சால் திருப்பி எருக்கும்பியிலேயே ஊத்தவேணும். கூரைக்குத்தான் பின்னின தென்னோலைக் கிடுகு இல்லை.

அடுத்த நாள் போனால் கும்பிக்குக் கூரை இருக்கு, அவா சமைக்கிற குசினிக்கு இல்லை. எனக்கு விசர் வந்திட்டுது. நல்லா ஏசினன். அவா ஈர விறகை ஊதிக்கொண்டே சொன்னா:

"நா நனைஞ்சா காஞ்சிருவேன் மிஸ். இது நனைஞ்சா போச்சு."

கந்தோர்

பெர்மிட் இல்லாதவையிட்டைப் போகக்கூடாதெண்டது மேலதிகாரியின்ர கட்டளை. என்ர டயறியில ஒரே பேர் திரும்பத் திரும்ப வர, கந்தோருக்குக் கூப்பிட்டு விளக்கம் கேட்டார். "காணி அவாவின்ர இல்லையெண்டு சொல்லுங்கோ சேர், மாடு அவாவின்ரதான்" எண்டன். அடுத்த கிழமையும் அதே பேரைத்தான் எழுதினன், இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில. அவர் டயறியை மூடினார்.

"அங்கை தூரத்தில, கொக்கிளாயில ஒரு போதனாசிரியர் இடம் காலியாக் கிடக்கு, தெரியுமோ?"

பலகை

மாரி முடிய அந்த எருவைப் போட்டுத்தான் பழனியம்மா மிளகாய் நட்டா. காய்ச்ச காய்க்குக் கொப்பு முறிஞ்சுது. ஊர்ச்சனம் அந்த எருக்கொட்டிலைப் பாக்க வந்தது. தம்பிராசா அண்ணையும் களி குழைக்கத் தொடங்கினார்.

பிறகு மேலதிகாரி ஜீப்பில வந்தார், 'மாதிரி எருக்கொட்டில்' எண்ட பலகையோட. பழனியம்மாவின்ர கொட்டிலுக்குத்தான் பலகை, ஆனால் அதில கிடந்தது தம்பிராசா அண்ணையின்ர பேர். பெர்மிட் இல்லாத பேரை எழுத ஏலாதாம். அண்ணை தலையைக் குனிஞ்சார். நான் வாய் திறக்க முந்தியே பழனியம்மா வரம்பில ஏறி நிண்டா:

"எம் பேரு இல்லாத பலக இங்க நிக்காதுங்க ஐயா. நீங்க நடுங்க, நா புடுங்குறேன்."

பலகை ஜீப்பிலேயே திரும்பிப் போச்சு, அடுத்த மாதம் நான் மாற்றலாகிக் கொக்கிளாய்க்குப் போனன், இருக்க உரிமை இல்லையெண்ட மனுசி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தா.