வலப்பக்கம் நீட்டிய கை

தவறான வழி என்று தெரிந்தே அமுதாவுக்கு அதைக் காட்டினேன். பதற்றத்தில் அல்ல, மறதியில் அல்ல... தெரிந்தேதான் காட்டினேன்!

நீங்கள் என்னைப் பார்த்தால் நம்பமாட்டீர்கள். காரைக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை எனக்கு. அமுதா அடுத்த மேசை. ஒன்பது ஆண்டுகள் அவள் கொண்டுவரும் மீன்குழம்பில் பாதி என் தட்டில்தான் விழுந்தது. என் தங்கை சுமதிக்குச் சிறுவயதில் வலிப்பு வந்ததையும், பன்னிரண்டு வயதோடு அது நின்றுபோனதையும் குடும்பத்துக்கு வெளியே ஒருத்தியிடம் மட்டுமே சொல்லியிருந்தேன். அவளிடம்.

சுமதிக்குத் திருமணம் நிச்சயமாகி, பத்திரிகையும் அடித்தாயிற்று. மாப்பிள்ளையின் அத்தை மண்டபத்தூரிலிருந்து வந்தார். வைத்த காபியைத் தொடவில்லை.

"பொண்ணுக்கு வலிப்பு உண்டாமே? மறைச்சுட்டீங்களே! ஒங்க பக்கத்து சீட்டு அமுதா எங்க தெருதாங்க. அவதான் சொன்னா."

அவ்வளவுதான், கல்யாணம் நின்றுபோனது. சுமதி அழவில்லை. தைத்து வந்திருந்த ரவிக்கைகளை ஒவ்வொன்றாக மடித்து பீரோவின் அடித்தட்டில் வைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டே நான் ஒரு சத்தியம் செய்தேன்.

அமுதாவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? கேட்டிருந்தால் அழுதிருப்பாள். வாய் தவறி வந்துவிட்டது என்றிருப்பாள். நான் மன்னிக்க வேண்டியிருந்திருக்கும்! எனக்கு மன்னிப்பதில் விருப்பமில்லை. அவள் குழம்பைத் தின்றுகொண்டே இரண்டு ஆண்டுகள் காத்திருந்தேன்.

சென்ற தை மாதம் அலுவலகத்தார் வேன் பிடித்து நீலகிரிக்குப் போனோம். மேல்மலைப் புல்வெளியில் ஒருநாள் நடை. வயலும் கடலும் தவிர வேறறியாத எங்களுக்கு, நிலம் அலையலையாய் மேலெழுந்து நிற்பதே பெரும் வியப்பாக இருந்தது. மேகமே இல்லாத வானம். வெயில் சுள்ளென்று அடித்தாலும் காற்று குளிர்ந்தது. வழியிலிருந்த இரண்டு அணைகளில் முதலாவது நீலத்தகடாய்க் கீழே கிடந்தது. அதைக் கடந்ததும், யானைகள் படுத்திருப்பதுபோல ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பாறைகள்.

அங்கே பாதை இரண்டாகப் பிரிந்தது. வழிகாட்டி நின்று சொன்னார். "எடது பக்கம் எறங்குங்க, ரெண்டாவது அணைகிட்ட வேன் நிக்கும். வலது பக்கம் மட்டும் போயிடாதீங்க. பாறைச் சரிவு, காஞ்ச புல்லு வழுக்கிவிட்டுரும்."

அமுதா அதைக் கேட்கவில்லை. பின்னால் ஒரு பாறையில் அமர்ந்து, செருப்பு கடித்த காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். "கலா, எனக்காக நில்லு" என்றாள். மற்றவர்கள் இறங்கிவிட்டார்கள். நான் நிற்கவில்லை. இடப்பக்கம் நாலடி இறங்கியபோது அவள் குரல் வந்தது.

"கலா! எந்தப் பக்கம்?"

ஒரு கணம்... ஒரே ஒரு கணம் யோசித்தேன். பிறகு பாதை பிரியுமிடத்துக்குத் திரும்பி, பாறைமேல் ஏறி, வலப்பக்கப் பாதையை நோக்கிக் கையை நீட்டினேன். அவள் தலையாட்டிச் சிரித்தாள்.

இரண்டாம் அணையின் கரையில் அமர்ந்து எலுமிச்சைச் சோறு சாப்பிட்டேன். ருசித்தது! அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். "அமுதா எங்கங்க?" என்று கேட்டவர்களிடம் "பின்னாடி வந்துக்கிட்டிருக்கா" என்றேன். முக்கால் மணி நேரம் அப்படியே சொன்னேன். அவள் வழி தவறி, பயந்து, வெயிலில் அலைந்து அழவேண்டும் என்று மட்டுமா நினைத்தேன்? வழுக்கும் என்று வழிகாட்டி சொன்னது என் காதில் விழவில்லையா? விழுந்தது.

தேடப் போனபோது நான்தான் முன்னால் ஓடினேன். எங்கே தேடவேண்டும் என்று எனக்குத்தானே தெரியும்! சரிவின் அடியில், இரண்டு பாறைகளுக்கு நடுவே கிடந்தாள். வலது கால் இருக்கக்கூடாத கோணத்தில் மடங்கியிருந்தது. உதடு வெடித்திருந்தது. என்னைக் கண்டதும் கையைப் பற்றிக்கொண்டாள்.

"நீ வருவேன்னு தெரியும் கலா... நீ சரியாத்தான் காட்டியிருப்பே. நான்தான் தப்பாப் பாத்துட்டேன்."

நான் அவள் தலையைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு அறுவைச் சிகிச்சைகள். இடுப்பெலும்பு முன்போல் கூடவில்லை. அவளைக் கண்டுபிடித்த புண்ணியவதி என்று அவள் கணவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடு தாங்காமல்தான் சுமதியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். உனக்காகச் செய்தேன் என்றேன். மகிழ்வாள் என்றுகூட நினைத்தேனோ... தெரியவில்லை.

சுமதி என் பக்கம் திரும்பினாள்.

"அவ அத்தைகிட்ட சொன்னா. சரி. அவகிட்ட சொன்னது யாருக்கா? நான் ஒன்னயத் தள்ளிவிட்டேனா?"

அதன்பின் அவள் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. எனக்குச் சோறு போடுகிறாள், முகம் பார்ப்பதில்லை.

அமுதா கைத்தடியோடு வேலைக்குத் திரும்பிவிட்டாள். எங்கள் அறை மாடியில். காலையும் மாலையும் நான்தான் அவள் தோளைத் தாங்கி ஏற்றி இறக்குகிறேன். ஒவ்வொரு படியிலும் பல்லைக் கடிக்கிறாள், ஒவ்வொரு படியிலும் எனக்கு நன்றி சொல்கிறாள். "பாத்து, அடுத்த படி" என்று மட்டும் சொல்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அதைச் சுமதியிடம்கூட நான் சொல்லவில்லை. அமுதா வலியில் முகம் சுளிக்கும்போதெல்லாம், என்னுள்ளே ஒருத்தி இன்னமும் மகிழ்கிறாள்...