அடுப்போடு அணைந்த ஐஸ் அலுமாரி

போன கிழமை, கோயில் கொடியேற்றத்தன்று காலையில், பக்கத்து வீட்டுத் தங்கம்மா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் ஐஸ் அலுமாரியைத் திறந்து காட்டினாள்.

காட்டவே தேவையில்லை. கதவு திறந்த உடனே மூக்குக்கு விளங்கிவிட்டது.

ஐஸ் அலுமாரி என்றால் என்ன என்று சிலர் கேட்பீர்கள். தங்கம்மாவின் கணவர் மலாயாவில் வேலை பார்த்து, பென்சனோடு திரும்பியபோது கொண்டு வந்தது. மண்ணெண்ணெயில் ஓடுவது. அடியிலே ஒரு சின்ன லாம்பு எரியும்; மேலே தண்ணீர் ஐஸாய்க் கட்டும். நெருப்பு எரிந்தால் எப்படிக் குளிரும்? என்னைக் கேட்காதீர்கள். நான் படித்த அஞ்சாம் வகுப்பில் இது வரவில்லை.

அந்த அலுமாரியால்தான் தங்கம்மாவுக்கும் அவளுடைய மச்சாளுக்கும் மனத்தாங்கல். மச்சாள் என்றால் கணவரின் தமக்கை, சண்டிலிப்பாயில் இருக்கிறா. சுத்த சைவம். இவர்கள் மலாயாவால் வந்த புதிதில் பார்க்க வந்த மச்சாளுக்குத் தங்கம்மா பெருமையாய் அலுமாரிக்குள் இருந்து பால் எடுத்துக் கொடுத்தாள். பால் குளிராய்த்தான் இருந்தது. ஆனால் மேல்தட்டில் மூடாமல் வைத்த மீன்குழம்பின் மணம் முழுவதும் பாலில் இறங்கியிருந்தது. மச்சாள் ஒரு மிடறு குடித்தா... செம்பைக் கீழே வைத்தா... அன்றிலிருந்து அந்த வீட்டில் கிணற்றுத் தண்ணீரைத் தவிர எதையும் வாயில் வைத்ததில்லை.

இந்த முறை கொடியேற்றம் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவதாய்ச் சொல்லி அனுப்பியிருந்தா. எப்படியும் ஒரு வாய் சாப்பிடவைத்துவிட வேண்டும் என்று தங்கம்மா கங்கணம் கட்டிக்கொண்டாள்.

முதல்நாளே வீடு கழுவினாள். மீன் காய்ச்சுகிற மச்சச் சட்டிகளை வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் கவிழ்த்தாள். கொடியேற்றத்துக்கு முதல் நாம் எல்லோரும் செய்வதுபோல, அடுப்பு நெருப்பைத் தணித்து, சாம்பல் அள்ளி, மெழுகினாள். அலுமாரியையும் உள்ளும் புறமும் கழுவினாள். கழுவும்போது அந்த லாம்பையும்... ஊதி அணைத்துவிட்டாள்!

பின்னேரம் பாயாசத்துக்கு மாட்டுப்பாலும் தேங்காய்ப்பாலும் எடுத்து உள்ளே வைத்துக் கதவைப் பூட்டினாள். அடுப்பைத் திரும்ப மூட்டியவளுக்கு லாம்பின் நினைவே வரவில்லை.

“அதுவும் மச்சம் புழங்கின வீட்டு நெருப்புத்தானே, அக்கா? அதுதான் தணிச்சனான். பூட்டின பெட்டிக்குள்ளை இருந்த குளிர் எங்கை போகப்போகுது எண்டு இருந்திட்டன்” என்றாள், அழாக்குறையாய்.

தங்கம்மாவை மட்டும் சொல்லி என்ன? இந்த அலுமாரி வந்த வீடுகளில் நான் காண்பது இதுதான். அது காக்கும் என்று நம்பி, நாம் காப்பதை விட்டுவிடுகிறோம். சூட்டோடு சட்டியை ஏற்றுகிறோம். காற்றுப்போக இடமில்லாமல் அடைகிறோம். வந்தவர்களுக்கெல்லாம் திறந்து திறந்து காட்டுகிறோம். உறியில் தொங்கவிட்ட காலத்தில் பூனைக்குப் பயந்தாவது மூடி வைத்தோமே!

தங்கம்மா அதற்குள் வேறு யோசனைக்குப் போய்விட்டாள். புளித்துப்போன பாலைத் திரும்பக் கொதிக்க வைத்து, சீனியும் ஏலக்காயும் கூடப் போட்டால் தெரியாதாம்.

நான் அதிகம் கதைக்கிறவள் அல்ல. ஆனால் அன்றைக்கு வாய் தானாய்த் திறந்தது.

“மணத்துக்கே இவ்வளவு காலம் கோவிச்சவ, தங்கம்மா. வயித்தாலை போனால் என்ன செய்வா?”

அவ்வளவுதான். எல்லாம் வாழையடியில் போய் விழுந்தது. எங்கள் வீட்டு மாட்டில் அப்போதுதான் கறந்த பாலை ஓடிப்போய் எடுத்துவந்தேன். தங்கம்மா தேங்காயை உடைத்துக்கொண்டு திருவலையில் இருந்தாள்.

பாதித் தேங்காய்கூடத் திருவவில்லை. வாசலில் மச்சாள்! நெற்றியில் திருநீறு, கையில் அர்ச்சனைத் தட்டம்.

நின்றா. அடுப்பைப் பார்த்தா. தங்கம்மா திருவுகிற அவசரத்தைப் பார்த்தா. தட்டத்தை வைத்துவிட்டு, சேலைத் தலைப்பைச் செருகினா.

“தள்ளு, பிள்ளை. உப்பிடித் திருவினால் சிரட்டையும் சேர்ந்தெல்லோ வரும்.”

பாயாசம் இறங்கியது. மச்சாள் கிண்ணத்தைத் தூக்கி மூக்கடியில் பிடித்தா. தங்கம்மாவும் நானும் அந்த மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு குடித்தா. கிண்ணத்தை நீட்டி, இன்னும் கொஞ்சம் விடச் சொன்னா.

அந்தத் துணிவில் தங்கம்மா லாம்புக் கதை முழுவதையும் சொல்லிவிட்டாள். மச்சாள் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான். போகும்போது வாசலில் திரும்பி நின்றா.

“நாளைக்கும் கோயிலுக்கு வாறன். வெய்யிலுக்கு மோர் குளிராய் இருந்தால் நல்லது. லாம்பைக் கொளுத்து... மோரை மூடி வை.”

கொளுத்தியாகிவிட்டது. நானே குனிந்து பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.