ஒரே கட்டியின் நடுவும் ஓரமும்

மார்பகக் கட்டிகளில் மைக்ரோ ஆர்.என்.ஏ.வை அளப்பது என் வேலை. செல்லுக்குள் எந்தப் புரதம் எவ்வளவு உருவாக வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் சின்னஞ்சிறு மூலக்கூறு அது. திருவொற்றியூரிலிருந்து ரயிலேறி ஆய்வகத்துக்குப் போய்வருகிறேன்.

சேர்ந்த புதிதில், ஒரே கட்டியின் நடுவிலும் ஓரத்திலும் எடுத்த துணுக்குகள் வேறுவேறு அளவு காட்டின. சாம்பிளை மாற்றி வைத்துவிட்டேனா என்று என் வழிகாட்டி கேட்டார்.

"இல்லை மேடம், மறுபடி செஞ்சு காட்டுறேன்."

புதிதாக வெட்டியெடுத்துச் செய்தேன். அதே வித்தியாசம். சில மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் கட்டி முழுக்க ஒரே அளவில் இருந்தன. சில இடத்துக்கு இடம் மாறின. மேடம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இனிமே எல்லாக் கட்டியிலயும் பல இடத்துல எடு" என்றார்.

அடுத்த ஆண்டு என் அக்காவுக்கே மார்பில் கட்டி வந்தது. கொருக்குப்பேட்டையில் டிபன் கடை வைத்திருப்பவள். ஊசி போட்டு எடுத்த சதையில் ஹெர்-2 என்ற புரதம் கூடுதலாக இல்லை என்று முடிவு வந்தது. கூடுதலாக இருந்தால் அதற்கென்றே தனி மருந்து உண்டு. அது தேவையில்லை என்றார்கள்.

ஆபரேஷன் முடிந்து கட்டி பரிசோதனைக்குப் போனதும், அதைப் பார்க்கும் நோயியல் மருத்துவரைத் தேடிப் போனேன்.

"ஊசி ஒரு இடத்தைத்தான் தொட்டிருக்கும் டாக்டர். வேற இடத்துலயும் பார்க்க முடியுமா?"

அவர் கோபப்படவில்லை. நுண்ணோக்கியில் என்னையும் பார்க்கச் சொன்னார். ஒரு மூலையில் மட்டும் செல்கள் வேறு மாதிரி நெருக்கியடித்துக் கிடந்தன. "எனக்கும் இந்த மூலைமேல சந்தேகம்தான். பார்த்துடலாம்" என்றார். அங்கே ஹெர்-2 கூடுதலாக இருந்தது.

அக்காவிடம் சொன்னதும் படுக்கையிலேயே சீறினாள்.

"இன்னாடி இது? அன்னிக்கு இல்லன்னாங்க, இன்னிக்கு கீதுன்றாங்க. யாரு பொய் சொல்றது?"

"யாரும் பொய் சொல்லலக்கா. அன்னிக்கு எடுத்த எடத்துல இல்ல, வேற எடத்துல கீது. கட்டி ஒண்ணுதான், ஆனா உள்ள ஒரே மாதிரி இல்ல."

"நெஜமா தெரியுமா ஒனக்கு?"

"தெரியும். தெனமும் அதத்தான் பாத்துகினு கீறேன்."

என் குரலில் இருந்த உறுதி எனக்கே புதிது. "சரி, அந்த மருந்தப் போடச் சொல்லு. கடைய எப்போ தொறக்கலாம்னும் கேளு" என்றாள்.

கீமோவோடு சேர்த்து அந்த மருந்தையும் போட்டார்கள். முடி கொட்டியது, இட்லி வேகும் வாசனையே குமட்டியது. கடையைத் திறக்க அவள் நினைத்ததைவிட நாளானது. ஆனால் மருந்தை ஒருமுறைகூடத் தவறவிடவில்லை. இப்போது பரிசோதனைகள் நல்லபடியாக வருகின்றன. நான் கடைக்குப் போனால், சாப்பிட வந்தவர்களிடமெல்லாம், "என் தங்கச்சி. கட்டிய அக்கு வேற ஆணி வேறயா பிரிச்சிப் பாக்குற வேல" என்று சத்தமாகச் சொல்கிறாள். முன்பானால் கூச்சப்பட்டிருப்பேன். இப்போது, ஆமாம் என்று தலையாட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்கிறேன்.