எழிலை முன்னால் நிறுத்திய நாள்

நாரணாபுரம் அங்கன்வாடியில் கற்பகவல்லிக்கு இது பத்தொன்பதாவது வருஷம். வேலைக்கு வந்த புதிதில் பிள்ளை அழுதால் கூடவே அழுவாள். இப்போது ஒரு கையால் பிள்ளையைத் தட்டிக்கொண்டே மறு கையால் செல்போனில் அதன் எடைக் கணக்கை ஏற்றிவிடுவாள். மனசு மரத்துப்போச்சு என்று அவளே சொல்வாள், ஏதோ கால் மரத்துப்போன மாதிரி.

ஜூன் மாதம் வேலுத்தாய் தன் மகள் எழிலைச் சேர்க்க வந்தாள். பயராபீஸ் என்று ஊரார் சொல்லும் பட்டாசுக் கம்பெனியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். சாதிச் சான்றிதழை நாலாக மடித்து மேசைக்கு அடியில் நீட்டினாள்.

"நாங்க மலையில இருந்து வந்த பளியருக டீச்சர். வெளிய சொல்லிராதீக. வாடகைக்கு வீடு கெடைக்கிறதே பெரும்பாடா இருக்கு."

"சரி, சரி" என்றாள் கற்பகவல்லி. அன்றைக்கு அரிசி லோடு வருகிற அவசரம். வெளியே சொல்லாதே என்றது மட்டும் ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விட்டது.

ஆகஸ்டில் மேலிடத்து உத்தரவு வந்தது: பழங்குடி மக்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும், படம் எடுத்து அனுப்ப வேண்டும். மற்ற மையங்களில் பிள்ளைகளின் முகத்தில் கரியைப் பூசி, இடுப்பில் வேப்பிலையைக் கட்டி ஒப்பேற்றினார்கள். கற்பகவல்லி அப்படிச் செய்யவில்லை. அதில் அவளுக்குப் பெருமைகூட. பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மலை, தேன்கூடு, வள்ளிக்கிழங்கு எல்லாம் வரைந்தாள். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மாரையும் உட்காரவைத்தாள். பேச்சு வேகத்தில் எழிலை இழுத்து முன்னால் நிறுத்தினாள்.

"இவ யாரு தெரியுமா? மலையில தேன் எடுக்கிற பளியரு வீட்டுப் பிள்ளை. நம்ம கூடயே இருக்கா பாருங்க!"

"எங்க தாத்தா வடத்துல தொங்கிக்கிட்டே எடுப்பாரு" என்றாள் எழில், வாயெல்லாம் சிரிப்பாக.

எல்லாரும் கைதட்டினார்கள். தட்டாதவள் ஒருத்திதான்: பேரனைக் கூட்டிப்போக வந்திருந்த, வேலுத்தாய் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி முத்துமாரியம்மாள்.

மூன்றாம் நாள் எழில் வரவில்லை. கற்பகவல்லி வீட்டுக்கே போய்ப் பார்த்தாள். வாசலில் சட்டிபானைகள் சாக்கில் கட்டிக் கிடந்தன.

"ஒங்ககிட்ட மட்டுந்தானே டீச்சர் சொன்னேன்" என்றாள் வேலுத்தாய். குரல்கூட உயரவில்லை.

அழுகை வரும் என்று கற்பகவல்லி எதிர்பார்த்தாள். வரவில்லை. மையத்துக்குத் திரும்பி, வருகைப் பதிவேட்டில் எழிலின் பெயரைக் கோடிட்டு அடித்தாள். செல்போன் சிணுங்கியது. மேற்பார்வையாளர் அனுப்பியிருந்தார்: 'நீங்கள் அனுப்பிய படம் அருமை. அந்தப் பிள்ளையை அடுத்த வருஷமும் முன்னால் நிறுத்துங்கள்.'

'சரிங்க மேடம்' என்று பதில் அனுப்பிவிட்டு, அடுத்த பிள்ளையின் எடைக் கணக்கை ஏற்றினாள்.