பச்சைத் துணி கட்டிய மீன்பெட்டி

சாய்ந்தமருதில் ஐஸ் ஆலை போட்டேன். சுனாமி அள்ளிக்கொண்டு போனது. அதே அத்திவாரத்தில் திரும்பவும் போட்டேன். மூன்று லொறி, இரண்டு தோணி, மகள்மார் இரண்டு பேருக்கும் மாடி வீடு. படித்தது நாலாம் வகுப்பு. கடன் கேட்டுப் போனபோது என்னைக் கதிரையில் இருக்கச் சொல்லாத பேங்க் மனேசர், மறுகா என் வீட்டு வலீமா விருந்தில் இரண்டாம் தரமும் சோறு வாங்கித் தின்றார். யாருடைய லொறியில் இது நடந்தது என்று வாசிக்கிறவர்களுக்குத் தெரியவேண்டும் அல்லவா!

சுபஹு தொழுதுவிட்டு ஐந்தரைக்குப் புறப்பட்டோம். கோமாரிக்கு மீன் எடுக்கப் பயணம். கிட்டத்தட்ட ஐம்பது கிலோமீற்றர். ஓட்டியவன் றிஸ்வி, நெடுங்காலமாக என் சாரதி. அடுத்த மாதம் அவன் மகளுக்கு நிக்காஹ். காரைதீவைத் தாண்டும்போது வயல்மேல் பனி படுத்துக் கிடந்தது. கொக்குகளுக்குக் கால் தெரியவில்லை. வெள்ளைத் துண்டுகளை யாரோ காற்றில் காயப்போட்ட மாதிரி. ஒலுவிலில் கடல் எந்தப் பக்கம், வானம் எந்தப் பக்கம் என்று பிரிக்க ஏலாது. நான் கண்ணை மூடியிருந்தேனா, திறந்திருந்தேனா, அதுவும் தெரியாது.

எட்டு மணிக்கு முந்தியே கோமாரி. பாரையும் சூரையும் ஏற்றி முடிய, முன்பின் கண்டிராத ஒருவன் பச்சைத் துணி கட்டிய பெட்டியொன்றை லொறியின் வாலில் வைத்தான். “கந்தூரிக்கு, ஹாஜியார். கல்முனையில ஆள் வந்து எடுக்கும்.”

எங்கள் கரையில் பச்சைத் துணி கட்டினால் அது பள்ளிவாசல் கந்தூரிச் சோற்றுக்கு நேர்ந்த மீன். கூலி வாங்கமாட்டோம், திறக்கமாட்டோம். சோதனைச் சாவடியிலும் தொடமாட்டார்கள். சண்டைக் காலத்தில் அதிகாரிமாரோடு கதைத்து அந்த மரியாதையை வாங்கித் தந்தவனும் நான்தான்.

திருக்கோவிலில் டீக்கு நிறுத்தினோம். பிளேன்டீ ஐம்பது ரூபா, சீனி தாராளம். லொறியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டி மணலில் நூல்நூலாக ஓடியது. சின்னச் சின்ன ஆறுகள், சின்னச் சின்ன முகத்துவாரங்கள். ஆகாயத்திலிருந்து ஊரைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டே நின்றேன். வால் பக்கம் மட்டும் மணல் காய்ந்து கிடந்தது.

“றிஸ்வி, அந்தப் பெட்டி ஏன் சொட்டல்ல?”

“பள்ளிப் பெட்டியிலயும் குத்தம் பாக்கிறயளா? டீயக் குடிங்க, ஹாஜியார்.”

“அடியில துளையில்லடா. தண்ணி தேங்கினா மீன் நைஞ்சிரும். இது மீன்காரன் கட்டின பெட்டியில்ல.”

அவன் டீக் கோப்பையைக் கீழே வைத்தான். “அல்லாவே! கடல்ல தள்ளிட்டுப் போவம். புடிபட்டா என்ட புள்ளட கலியாணம் நிண்டுரும்.”

“தள்ளினா நாளைக்கு வேற லொறியில வரும். நேரா சாவடிக்கு விடு.”

சாவடியில் சிங்கள அதிகாரி பச்சைத் துணியைக் கண்டதும் கையைக் காட்டினார். “ஆ, ஹாஜியார்! பள்ளி சாமான் தானே, போங்க போங்க!”

நான் இறங்கி லொறிக்கு முன்னால் நின்றேன். “போகமாட்டன், மாத்தயா. திறந்து பாருங்க.”

“வெயிலுக்கு ஹாஜியாருக்கு விசர்,” என்று ஒரு பொடியன் சிப்பாய் சிரித்தான்.

திறந்தார்கள். மேலே ஒரு வரிசை பாரை. கீழே டேப் சுற்றிய போதைப் பொதிகள். சிரிப்பு நின்றது.

முந்தி கடத்தல்காரர்கள் டயருக்குள் கொண்டுவந்தார்கள். சாவடியில் டயரைத் தட்டினார்கள். மீனுக்குள் வைத்தார்கள், நாய் வந்தது. இப்போது எதைத் திறக்க எல்லாரும் கூச்சப்படுவோமோ, அதற்குள்ளேயே வந்து குந்திவிட்டார்கள்.

றிஸ்வியை உள்ளே கூட்டிப் போனார்கள். “லொறி என்ட. அவனப் புடிச்சா என்னையும் புடிங்க” என்று சொல்லி வாங்குப் பலகையில் போய் இருந்தேன். அசர்த் தொழுகைக்குப் பிறகுதான் விட்டார்கள். திரும்பும்போது வேறு லொறிகளில் பச்சைத் துணிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அவிழ்த்த துணிகள் வீதியோரம் மெல்லப் பறந்தன.

அடுத்த நாள் செய்தித்தளமொன்றில் என் லொறியின் படம்: “பொலிசாரின் திடீர்ச் சோதனையில் போதைப்பொருளோடு சிக்கிய சாரதி.” றிஸ்வியின் மகளுக்குப் பேசிய மாப்பிள்ளை வீட்டார் கலியாணப் பேச்சை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

யாரும் சிக்கவில்லை, பத்திரிகை ஆசிரியர் ஐயா. திடீர்ச் சோதனையும் இல்லை. கண்டது நான். திறக்கச் சொல்லி நின்றது நான். ஓட்டிக்கொண்டு வந்து கொடுத்தவன் றிஸ்வி. என் பேரைப் பெரிய எழுத்தில் போடுங்கள். அவன் பேரையும் பக்கத்திலேயே, அதே எழுத்தில் போடுங்கள். நிக்காஹ் நாளுக்கு முன்னால் போடுங்கள்.